சொந்த மனைவியோடு பழகிய குற்றம்

ரெக் மன்டன் தன் முப்பத்தொன்பதாவது வயதில், ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, பூர்வகுடியாக இருப்பதை நிறுத்திக்கொண்டான். பதினொன்று பதினாலு வரைக்கும் அவன் பூர்வகுடிதான். கலிண்டா ஊர் மண்டபத்தில் நூறு பேர் கைதட்ட, ஒரு காகிதம் அவன் கைக்கு வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது இருந்த அதே தோல், அதே மூக்கு, இரவல் வாங்கின அதே கோட்டு. மாறியது என்னவென்றால், அதுவரை அவனை "ஏய் ரெக்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த குடியிருப்பு மேனேஜர் பெத்திக், "வாங்க மிஸ்டர் மன்டன், நீங்க இப்படி உட்காருங்க" என்றார். ரெக் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

எல்லாம் மகள் நோலாவுக்காகத்தான். ரெக் செம்மறி ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கிறவன். சீசனில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஆடு அவன் கையில் சட்டை கழற்றும். ஊருக்கும் சேராமல், பூர்வகுடிகளைக் கம்பி வேலிக்குள் வைத்திருந்த குடியிருப்புக்கும் சேராமல், ஆற்றோரத் துண்டு நிலம் ஒன்றில் தகர வீடு போட்டு மனைவி எய்லீனோடும் மகளோடும் இருந்தான். குடியிருப்பில் பள்ளிக்கூடம் என்று ஒன்று உண்டு. மேனேஜரின் மனைவி நடத்துவது. அங்கே பெண்பிள்ளைகளுக்கு மூன்று வருடம் துணி மடிக்கச் சொல்லிக்கொடுத்து, நாலாவது வருடம் மடித்த துணியை எண்ணச் சொல்லிக்கொடுப்பார்கள். நோலாவோ எட்டு வயதிலேயே மாவுப் பை, மருந்துப் புட்டி, ரயில் பெட்டி என்று எழுத்து எங்கே இருந்தாலும் நின்று படிக்கிறவள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் கிரிம்ஷா நல்ல மனிதர். அதை அவரே சொல்வார்.

"எனக்கு ஆட்சேபமே இல்ல ரெக். மத்த பிள்ளைகளைப் பெத்தவங்கதான் ஆட்சேபிப்பாங்க. நீ போய் விலக்குச் சான்றிதழ் வாங்கிட்டு வந்துட்டேன்னு வை, உன் பொண்ணு பூர்வகுடிப் பொண்ணே இல்ல. அப்புறம் அவங்க எதை ஆட்சேபிப்பாங்க?"

"அதை வாங்கினா நான் என்னவா ஆவேன் சார்?"

கிரிம்ஷா சொன்னார்: "தகுதியான ஆளா ஆவே."

பூர்வகுடிச் சட்டத்திலிருந்து ஒருவனை விலக்கிவைக்கிற காகிதம் அது. கையில் இருந்தால் இருட்டின பிறகும் ஊருக்குள் நடக்கலாம். மதுக்கடைக்குள் நுழையலாம். பெற்ற பிள்ளையைப் பூர்வகுடி நல வாரியத்தார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக மாட்டார்கள். ஆற்றங்கரைச் சனங்கள் அதற்கு நாய் வில்லை என்று பேர் வைத்திருந்தார்கள். வில்லை கட்டின நாயை நகராட்சி பிடிக்காது இல்லையா, அந்த அர்த்தத்தில்.

எய்லீன் சொன்னாள்: "வாங்கிக் கழுத்துல மாட்டு. அவ படிச்சு முடிச்சதும் கழற்றி அடுப்புல போட்டுக்கலாம்."

இரண்டு பேரும் தனித்தனியாக விண்ணப்பித்தார்கள். விசாரணைக் குழுவினர் மூன்று பேர் வீட்டுக்கே வந்தார்கள். தலைவர் ஸ்ட்ராக்கன், அந்தப் பள்ளத்தாக்கில் பாதிக்குச் சொந்தக்காரர். மீதிப் பாதியைப் பற்றி வழக்கு நடந்துகொண்டிருந்தது. இரண்டாமவர் பெத்திக். மூன்றாமவர் மருந்துக்கடைக்காரர், கடைசிவரை வாயே திறக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் ஸ்ட்ராக்கன் உட்கார்ந்தார். பெத்திக் படுக்கையைத் தூக்கிப் பார்த்து விரிப்புகளை எண்ணினார்.

"வெள்ளைக்காரங்களோட சேர்ந்து வாழ்ந்த அனுபவம் உண்டா உனக்கு?" என்றார் ஸ்ட்ராக்கன்.

"உண்டுங்க. நியூ கினியில, சண்டை நடந்தப்ப. மூணு வருஷம் ஒரே பதுங்குகுழியில."

"படுக்கை விரிப்பு இருந்ததா?" என்றார் பெத்திக்.

"இல்லீங்க. சேறு இருந்தது."

'விரிப்புப் பழக்கம் போதாது' என்று பெத்திக் எழுதிக்கொண்டார்.

"உன் சனங்கள்ல உனக்குப் பழக்கமானவங்க எத்தனை பேர்?"

"எல்லாருந்தாங்க."

"அது குறையணும்."

"எத்தனை பேரா குறைச்சுக்கணுங்க?"

"ஒருத்தரும் இல்லாம. தெருவில பார்த்தா தலையை ஆட்டலாம், தப்பில்ல. நின்னு பேசினா அது பழக்கம்." ஸ்ட்ராக்கன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நாகரிகம்னா என்ன தெரியுமா ரெக்? யாரோட பழகக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கறதுதான். என்னையே எடுத்துக்கோ. நான் யாரோடயும் பழகறதில்ல."

ரெக்கின் விண்ணப்பம் தேறியது. எய்லீனுடையது நிலுவையில் போனது. அடுக்களையில் பீங்கான் தேநீர்க் கூஜா இருந்தும் அவள் தகரக் குவளையில் தேயிலையைக் கொதிக்கவிட்டதைப் பெத்திக் பார்த்துவிட்டார். 'வெளிக்குத் திருந்தியிருக்கிறாள், உள்ளுக்குள் சந்தேகம்' என்பது அவருடைய குறிப்பு.

சான்றிதழ் கொடுப்பதற்கு ஊர் தோன்றிய நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மேடையில் ஸ்ட்ராக்கன் பேசினார்.

"எங்க தாத்தா இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தப்ப இது காலியா இருந்தது. காலியாக்கறதுக்கே அவருக்கு நாலு வருஷம் ஆச்சு. தண்ணி எங்க இருக்கு, எந்த வழியில போகணும், எந்தக் கிழங்கைத் தின்னா உசிர் போகாதுன்னு இங்க இருந்தவங்கதான் அவருக்குக் காட்டினாங்க. அந்த நன்றியை எங்க குடும்பம் மறக்கல. அவங்க எல்லாருக்கும் வேலி போட்ட இடம் குடுத்திருக்கோம். இன்னைக்கு அதுக்கும் மேல ஒருபடி போறோம். அவங்கள்ல ஒருத்தரை அவங்ககிட்டேயிருந்தே காப்பாத்தறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் ரெக்கும் தட்டினான்.

திங்கட்கிழமை நோலாவைத் தலைவாரிக் கூட்டிக்கொண்டு போனான். கிரிம்ஷா கதவுவரை வந்து வரவேற்றார். "ஒரே ஒரு சின்ன விஷயம் மிஸ்டர் மன்டன். நீங்க விலக்குப் பெற்றவர். உங்க மனைவி இல்ல. அப்ப நோலா சட்டப்படி பாதிதான். கல்வித் துறைக்குத் தந்தி அடிச்சுக் கேட்டேன். அரைநாள் சேர்த்துக்கச் சொல்லிட்டாங்க."

"எந்தப் பாதிங்க?"

"முற்பகல். கணக்கு, எழுத்து. பிற்பகல் சரித்திரமும் பாட்டும். அது பூர்வகுடிப் பாதிக்குத் தேவைப்படாதுன்னு அபிப்பிராயம்."

அன்றிலிருந்து ரெக்குக்கு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. மத்தியான மணிக்கு மகளைக் கூட்டிவரப் போவான். சிநேகிதர்கள் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டிவிட்டு நடப்பான். அவர்கள் விடமாட்டார்கள். "என்ன மிஸ்டர் மன்டன், ஓணான் மாதிரி ஆட்டறீங்க, கழுத்து வலியா?" என்று கத்துவார்கள். மதுக்கடைக்குள் ஒருநாள் போய் நின்றான். வெள்ளைக்காரர்கள் விலகி இடம்விட்டார்கள், ஒரு பக்கம் முழுவதையும். காலி இடத்துக்கு நடுவில் எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு வந்தான்.

பத்தாம் நாள் போலீஸ்காரர் டூலி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"மிஸ்டர் மன்டன், உங்களைக் கைது பண்ண வந்திருக்கேன். இப்ப உங்களுக்குச் சௌகரியப்படுமா?" பிறகு எய்லீனைப் பார்த்து, "நீ தள்ளி நில்லு" என்றார்.

"என்ன பண்ணேன்?"

டூலி சட்டப் புத்தகத்தை விரித்து விரலால் தேடினார். "பூர்வகுடி அல்லாத ஆண், பூர்வகுடிப் பெண்ணோட ஒரே கூரைக்குக் கீழ வாழறது. ஆறு மாசம்."

"அவ என் பொண்டாட்டி. நீங்க எங்க கல்யாணத்துக்கு வந்திருந்தீங்களே."

"வந்தேன். கேக்குகூட ரெண்டு துண்டு சாப்பிட்டேன். ஆனா அவ கட்டிக்கிட்டது ஒரு பூர்வகுடி ஆளைத்தானே."

"அந்த ஆள் எங்க போனான்?"

"சட்டப்படி அந்த வியாழக்கிழமையோட இல்லாமப் போயிட்டார்."

எய்லீன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப நான் விதவையா?"

டூலி நேர்மையான ஆள். மறுபடியும் புத்தகத்தைப் புரட்டினார். "இதில போடல. விதவைகளுக்கான விண்ணப்பப் பாரம் மேனேஜர்கிட்ட இருக்கும்."

விசாரணைவரை வெளியே இருக்கலாம் என்று விட்டார்கள். அந்த ஆறு நாளும் ரெக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில் படுத்துக்கொண்டான். பகலில் மேனேஜர் அலுவலகம், போலீஸ் நிலையம், பள்ளிக்கூடம் என்று சுற்றினான். பெத்திக் அனுதாபப்பட்டார்.

"கல்யாணத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம் மிஸ்டர் மன்டன். பாரம் இருக்கு. அனுமதி குடுக்கறதில்ல. ஆனா பாரம் இருக்கு."

ரெக் சான்றிதழை மேசைமேல் வைத்தான். "இதை எடுத்துக்கங்க. நான் பழையபடியே இருந்துட்டுப் போறேன்."

பெத்திக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "திருப்பிக் குடுக்க வழியில்ல. நாங்களா பறிமுதல் பண்ணத்தான் வழியிருக்கு. ரெண்டு தடவை குடிச்சிட்டு விழணும், இல்ல தொழுநோய் வரணும், இல்ல பூர்வகுடிகளோட பழகணும்."

"பழகினேன்னுதானே கேஸ் போட்டிருக்கீங்க?"

"அது பழக்கம் இல்ல, குற்றம். பழக்கம்னா பறிமுதல். குற்றம்னா ஜெயில். ஜெயில்ல இருக்கறவரோட சான்றிதழைப் பறிமுதல் பண்ண முடியாது. அவர் நேர்ல வந்து ஒப்படைக்கணும்." பெத்திக் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குக் குடி வருமா?"

"வராதுங்க. வயித்துக்கு ஒத்துக்காது."

"இந்த மாதிரி ஆளுங்களுக்கு நாங்க எப்படித்தான் உதவி பண்றது" என்றார் பெத்திக்.

கலிண்டாவில் தனியாக நீதிபதி கிடையாது. ஊர்ப் பெரியவர் ஒருவர் கௌரவ நீதிபதியாக உட்காருவார். ஸ்ட்ராக்கன்தான். ஊர் மண்டபம்தான் கோர்ட்டும். மேடைத் தோரணங்களை இன்னும் அவிழ்க்கவில்லை.

"மிஸ்டர் மன்டன், உங்களைப் பார்த்தா எனக்கு மனசு வேதனையா இருக்கு" என்று ஸ்ட்ராக்கன் ஆரம்பித்தார். "உங்களை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கினோம். நீங்க என்னடான்னா ஒரு பூர்வகுடிப் பொண்ணோட குடும்பம் நடத்தறீங்க. ஒரு வெள்ளைக்காரர் செய்யற காரியமா இது? நம்ம பள்ளத்தாக்கில நூறு வருஷமா இப்படி ஒண்ணு நடந்ததா பதிவே கிடையாது."

மண்டபத்தின் பின்வரிசையில் குடியிருப்புச் சனங்கள் நின்றிருந்தார்கள். கறுப்பு, மாநிறம், தேன்நிறம், பால் கலந்த தேயிலை நிறம் என்று எல்லா நிறத்திலும் இருந்தார்கள். 

"குற்றவாளியோட வசிச்ச பொண்ணு ஏதாவது சொல்ல விரும்புதா?"

எய்லீன் எழுந்தாள். "ஒரு சந்தேகங்க. இந்தக் குற்றம் எத்தனை வருஷத்துக்கு முந்தி நடந்திருந்தாலும் குற்றந்தானுங்களா?"

ஸ்ட்ராக்கன் டூலியைப் பார்த்தார். டூலி வழக்கம்போல நேர்மையாகப் புத்தகத்தைப் புரட்டி, "கால வரம்பு எதுவும் இல்லீங்க ஐயா" என்றார்.

"அப்ப நான் ஒரு புகார் எழுதிக் குடுக்கணுங்க. எங்கம்மா பதினொரு வருஷம் ஒரு பண்ணை வீட்டுச் சமையல்கட்டுல வேலை பார்த்தாங்க. ராத்திரி தங்கறதும் அங்கயே. நான் அங்கதான் பொறந்தேன். அந்தப் பண்ணை உங்க பண்ணைங்க. அப்ப வீட்டுல ஆம்பளைன்னு இருந்தது ஒருத்தர்தான்."

 எய்லீனின் கண்கள் சாம்பல் நிறம். அந்த நிறத்தில் கலிண்டாவில் இன்னும் ஒரு ஜோடிதான் இருந்தது. அது இப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊருக்கே தெரிந்த விஷயம். தெரியாமல் இருப்பதற்கு ஊர் நாற்பது வருடமாகப் பாடுபட்டு வந்தது.

"நான் கால்நடை மருத்துவரைப் பார்க்கப் போகணும்" என்றார் ஸ்ட்ராக்கன். "போதிய சாட்சியம் இல்லை. வழக்கு தள்ளுபடி." மேடையிலிருந்து இறங்கும்போது தோரணம் ஒன்று அவர் தோளில் ஒட்டிக்கொண்டு கூடவே போனது. யாரும் எடுத்துவிடவில்லை.

வெளியே வந்ததும் ரெக் கேட்டான்: "இத்தனை வருஷம் எங்கிட்டகூடச் சொன்னதில்லையே நீ?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் என்ன சொல்லச் சொல்றே" என்றாள். 

வழக்கு தள்ளுபடியான எட்டாம் நாள் எய்லீனின் விலக்குச் சான்றிதழ் தபாலில் வந்துவிட்டது. விசாரணை இல்லை, விரிப்பு எண்ணவில்லை, தேநீர்க் கூஜாவைப் பற்றிப் பேச்சே இல்லை. கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் நோலாவுக்கு முழுநாள் பள்ளிக்கூடம். எய்லீன் பேனாவை எடுத்தாள், வைத்தாள். நாளைக்குப் போடுகிறேன் என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள்.

அந்த வாரத்தில் குடியிருப்பில் ரெக்கின் அம்மா மே இறந்துபோனாள். நுரையீரலில் சளி. செய்தி வந்ததும் ரெக் அப்படியே ஓடினான். வாயிலில் பெத்திக் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"ஆழ்ந்த அனுதாபம் மிஸ்டர் மன்டன். ஆனா விலக்குப் பெற்றவங்க உள்ள வர வாரியத்தோட அனுமதி வேணும். தலைநகர்லேருந்து வரணும்."

"எங்கம்மாங்க."

"புரியுது. எனக்கும் அம்மா இருந்தாங்க. நீங்க இந்தப் பக்கமா வாங்க, இங்க வேலி கொஞ்சம் தாழ்வு. நல்லாத் தெரியும்."

ரெக் வேலிக்கு வெளியே நின்றான். உள்ளே நாற்பது தப்படி தூரத்தில் அவனுடைய தம்பிகளும் மாமன்களும் குழியில் பெட்டியை இறக்கினார்கள். பெண்கள் அழுத அழுகையோடு அவனால் உரக்கச் சேர்ந்து அழவும் முடியவில்லை. அது பழக்கத்தில் சேருமோ என்னவோ. உள்ளே போக எய்லீனுக்குத் தடையில்லை. அவள் குழியோரத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளி, போடாமல், வேலிவரை நடந்து வந்தாள். கம்பிக்கு நடுவே கையை நீட்டினாள். ரெக் அந்த மண்ணைத் தொட்டான். தொட்ட மண்ணை அவள் திரும்பக் கொண்டுபோய்க் குழியில் போட்டாள்.

ஒன்பது நாள் கழித்து அனுமதி வந்தது. தாயாரைப் பார்க்க இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தது.

அன்றைக்கு எய்லீன் தன் சான்றிதழை எடுத்து மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். "நான் போடமாட்டேன். ரெண்டு பேரும் வெளிய நின்னா உள்ள போறதுக்கு யாரு இருக்கா?"

"அப்ப நோலா?"

எய்லீன் மறுநாள் காலையிலேயே துவைக்கிற வேலையை முடித்துவிட்டு, மத்தியானம் நோலாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போனாள். கடைசி பெஞ்சில் மகளை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். பெஞ்சு சின்னது. முழங்கால் மேசையில் இடித்தது.

கிரிம்ஷா ஓடிவந்தார். "என்ன இது எய்லீன்?"

"அப்பன் பாதி காலையில வந்துட்டுப் போச்சுங்க. இது அம்மா பாதி. தனியா அனுப்ப வேணாம்னு நானும் வந்தேன்."

"பூர்வகுடிப் பிள்ளைகள் பிற்பகல்ல உட்காரக்கூடாது."

"சரிங்க. அவ என் மடியில உட்காருவா. பெஞ்சுல நான் உட்காருவேன். நான் பிள்ளை இல்லையே, எனக்கு முப்பத்தாறு."

கிரிம்ஷா விதிகளைப் பார்த்தார். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பற்றிப் பதினாலு விதி இருந்தது. முப்பத்தாறு வயதுப் பெண் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று ஒரு விதியும் இல்லை. யாரும் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. அவர் துறைக்கு எழுதினார். துறை வாரியத்துக்கு எழுதியது. வாரியம், உட்கார்ந்திருப்பது எந்தப் பாதி என்று தெளிவுபடுத்தும்படி துறைக்கு எழுதியது.

பிற்பகல் சரித்திர வகுப்பு. காலியாக இருந்த பள்ளத்தாக்கை ஸ்ட்ராக்கன் குடும்பம் கண்டுபிடித்த பாடம். எய்லீன் கையைத் தூக்கினாள். "காலியா இருந்தா அவருக்கு வழிகாட்டினது யாருங்க?" பிள்ளைகள் எல்லாம் கிரிம்ஷாவைப் பார்த்தார்கள். மறுவாரம் சரித்திரத்தை முற்பகலுக்கும் கணக்கைப் பிற்பகலுக்கும் மாற்றினார் அவர். அதனால் எய்லீனுக்குப் பின்னம் வந்தது, தசமம் வந்தது. பதின்மூன்று வயதில் அவளை வாரியம் வீட்டுவேலைக்கு அனுப்பியபோது தன் பேரை எழுத மட்டும் தெரியும். இப்போது மகளோடு சேர்ந்து சொல்வதெழுதுதல் எழுதினாள். முதல் வருடம் பத்துக்கு இரண்டு. இரண்டாம் வருடம் ஏழு. கிரிம்ஷாவே ஒருநாள் தன்னை மறந்து, "நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று ஜன்னல் பக்கம் பார்த்தார்.

கடிதப் போக்குவரத்து நாலு வருடம் நடந்தது. அதற்குள் நோலா வளர்ந்து மடியிலிருந்து பெஞ்சுக்கு இறங்கினாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. முடிவு வரட்டும் என்று காத்திருந்தார்கள். முடிவு வரவில்லை, பரீட்சை வந்தது. ஜில்லாவில் மூன்றாவதாகத் தேறி, பக்கத்து நகரத்து உயர்நிலைப் பள்ளிக்கு உபகாரச் சம்பளத்தோடு போய்ச் சேர்ந்தாள்.

அவள் போன இரண்டாவது மாதம் வாரியத்திலிருந்து கனத்த உறை வந்தது. ரெக் முன்வாசலில் கத்தரி தீட்டிக்கொண்டிருந்தான். எய்லீன் உறையைப் பிரித்து, படியில் உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தானே படித்தாள். அவசரப்படவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"நோலாவை முழுநாள் சேர்த்துக்கறதைப் பத்தி அனுதாபத்தோட பரிசீலிப்பாங்களாம். நான் கையெழுத்துப் போட்டாத்தான். புதுசா ஒரு சான்றிதழும் வெச்சிருக்காங்க."

"அவதான் இங்க இல்லையே."

"அது அவங்களுக்குத் தெரியலை." எய்லீன் காதிலிருந்த பென்சிலை எடுத்து ஏழாவது வரியில் ஒரு சுழி போட்டாள். "'நாகரிகம்'ங்கறதுல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு. திருத்தி அனுப்பச் சொல்லி எழுதறேன்."

"திருத்தி அனுப்பிட்டாங்கன்னா?"

"இன்னொரு நாலு வருஷம் ஆகும்ல" என்றாள் எய்லீன். "ஒன்பதாவது வரியிலயும் ஒண்ணு இருக்கு. அதை அப்ப சொல்லிக்கலாம்."